சிக்கரி எவ்வளவு போடட்டும்?

கோபாலபுரத்துல ஃப்ரெண்டு வீடு. குரூப் ஸ்டடினு பேரு பண்ணிக்கிட்டு நாலு பேர் போறீங்க. பையை வைக்கறதுக்குள்ள அவங்க அம்மா, "தம்பி, காபிப்பொடி தீர்ந்துபோச்சுப்பா. தெருமுனைல அரைச்சுக் கொடுக்கற கடை இருக்கு, கால் கிலோ வாங்கிட்டு வந்துடறியா? வந்ததும் சூடா போட்டுத் தர்றேன்"னு காசை நீட்டறாங்க. நீங்களும் பந்தாவா கிளம்பிப் போறீங்க. கடை வாசல்லயே வாசனை ஆளைத் தூக்குது.

"கால் கிலோ காபிப்பொடி."

"என்ன கொட்டை சார்? பீபெர்ரியா, பிளான்டேஷனா, ரொபஸ்டா கலக்கணுமா?"

"ம்..."

"சிக்கரி எவ்வளவு போடட்டும்?"

"..."

"நைஸா அரைக்கவா, கொஞ்சம் கொரகொரப்பாவா?"

செமஸ்டர் வைவாவுலகூட இப்படி முழிச்சிருக்க மாட்டீங்க! கடைசியில, "எல்லாரும் வாங்கறதையே கொடுங்க"னு சொல்லிட்டு வந்துடறீங்க. தினமும் ரெண்டு வேளை, பத்துப் பதினஞ்சு வருஷமா குடிக்கற சமாசாரம். ஆனா அதுல நமக்கு எது பிடிக்கும்னு கேட்டா பதில் தெரியாது. அம்மா போட்டது, மெஸ்ல ஊத்தினது, கேன்டீன்ல கிடைச்சதுனு யாரோ முடிவு பண்ணின ருசியைத்தான் இத்தனை நாளும் குடிச்சிருக்கோம்.

வெளிநாட்டுல பீர் குடிக்கப் பழகற பசங்க ஒரு டெக்னிக் வெச்சிருக்காங்க. லாகர், ஏல், ஸ்டவுட், வீட் பீர்னு நாலஞ்சு வகையைக் குட்டிக் குட்டி கிளாஸ்ல வரிசையா வாங்கி, ஒவ்வொரு மடக்கா ருசி பார்த்து, 'எனக்கு இதுதான்'னு கண்டுபிடிப்பாங்க. தமிழ்நாட்டுல அந்த வரிசைக்கு 21 வயசு ஆகணும்ங்கறது சட்டம். ஸோ, உங்கள்ல பாதிப் பேருக்கு அந்தக் கதவு பூட்டியிருக்கு. ஆனா டெக்னிக்குக்கு வயசு வரம்பு கிடையாதே! அதை அப்படியே சுட்டு டபரா டம்ளருக்கு மாத்திக்கலாம்னுதான் இந்தக் கட்டுரை.

'ஏ'ன்னா முதல் கிளாஸ் இல்லை!

முதல்ல அந்தக் கடைக்காரர் பேசின பாஷை. காபிச் செடியில ரெண்டு ஜாதிதான் வியாபாரத்துக்கு முக்கியம். ஒண்ணு அரபிகா, இன்னொண்ணு ரொபஸ்டா. அரபிகா மலை உயரத்துல வளரும். மணம் ஜாஸ்தி, லேசா ஒரு புளிப்பு, கசப்பு கம்மி. ரொபஸ்டா கொஞ்சம் தாழ்வான இடத்துலயும் வரும். கசப்பு தூக்கல், டிகாக்ஷன் திக்கா இருக்கும், காஃபீன் அரபிகாவைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. இந்தியாவுல விளையற காபியில சுமார் 70 சதவிகிதம் ரொபஸ்டாதான். ஆனா கடையில அந்தப் பேரைச் சத்தமா சொல்ல மாட்டாங்க, ஏதோ ஏழைச் சொந்தக்காரர் மாதிரி.

அப்ப 'பிளான்டேஷன் ஏ'? இங்கதான் நம்மில் பலரும் ஏமாந்திருக்கோம். தோல், சதையெல்லாம் தண்ணியில கழுவிப் பதப்படுத்தின அரபிகாவுக்கு நம்ம நாட்டு காபி வியாபாரத்துல 'பிளான்டேஷன்'னு பேரு. கழுவாம பழத்தோட அப்படியே வெயில்ல காயவெச்சா 'செர்ரி'. பின்னாடி ஒட்டிக்கிட்டிருக்கற 'ஏ' இருக்கே, அது மார்க் ஷீட்டுல வர்ற கிரேடு இல்லை பாஸ்... கொட்டையோட சைஸ்! 6.65 மில்லி மீட்டர் ஓட்டை போட்ட சல்லடையில விழாம பெரும்பாலும் மேலேயே நிக்கணும், அவ்வளவுதான். அதைவிடப் பெருசு 'ஏஏ', சின்னது 'பி'. பெரிய கொட்டை சீரா வறுபடும், பார்க்க லட்சணமா இருக்கும். அதுக்காக 'பி' கொட்டை ருசியில ஃபெயில்னு அர்த்தமே இல்லை.

பீபெர்ரிக்கும் ஒரு கதை உண்டு. காபிப் பழத்துக்குள்ள வழக்கமா ரெண்டு விதை, முதுகு வெளியே பார்க்க, வயித்துப் பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கும். அதனாலதான் கொட்டைக்கு ஒரு பக்கம் தட்டையா இருக்கு. சில பழங்கள்ல ஒரே ஒரு விதைதான் வளரும். தள்ளி உட்கார ஆள் இல்லாததால உருண்டையா திரளும். அதைத் தனியா பொறுக்கி எடுத்து 'பீபெர்ரி'னு கொஞ்சம் ஜாஸ்தி விலைக்கு விக்கறாங்க. உருண்டையா இருக்கறதால வறுக்கும்போது நல்லா உருண்டு சமமா வறுபடும்னு ஒரு வாதம் உண்டு. ருசியில நிஜமாவே வித்தியாசம் இருக்கா? அதை நீங்களே கண்டுபிடிக்கப் போறீங்க.

அடுத்தது நம்ம ஹீரோவா வில்லனானு தெரியாத சிக்கரி. இது காபியே இல்லை! நீலப் பூ பூக்கற ஒரு செடியோட வேர். அதைக் காயவெச்சு வறுத்து அரைச்சா காபி மாதிரியே கறுப்பு, காபி மாதிரியே கசப்பு, கூடவே கருகின சர்க்கரை மாதிரி ஒரு இனிப்பு வாசம். காஃபீன் மட்டும் சுத்தமா இல்லை. 1806-ல நெப்போலியன் இங்கிலாந்து வணிகத்தைத் தடை பண்ணினப்போ ஐரோப்பாவுல காபிக்குப் பஞ்சம் வந்துடுச்சு. அப்பதான் பிரான்ஸ் முழுக்க சிக்கரி பரவினது. அங்கிருந்து அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ் வரை போய் உட்கார்ந்துக்கிச்சு. இந்தியாவுல குஜராத்துலயும் உத்தரப் பிரதேசத்துலயும் பயிர் பண்றாங்க.

காபியைவிட சிக்கரிக்கு விலை கம்மி. அதனால கலப்படம்னு திட்டறவங்க உண்டு. ஆனா சட்டப்படி அது கலப்படம் இல்லை, கலவை. கலவையில குறைஞ்சது 51 சதவிகிதம் காபி இருந்தாகணும். எவ்வளவு காபி, எவ்வளவு சிக்கரினு பாக்கெட்டுல அச்சடிச்சாகணும். ஹாஸ்டல் ரூம்ல கிடக்கற பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. காபிக்குனு கொடுத்த காசுல எவ்வளவு வேருக்குப் போயிருக்குன்னு தெரிஞ்சா சில பேருக்கு லேசா ஷாக் அடிக்கும்.

நாலு பொட்டலம், ஒரு கெட்டில்

சரி, டெஸ்ட்டுக்கு வருவோம். வறுத்து அரைச்சுக் கொடுக்கற கடைக்குப் போய், கூட்டம் இல்லாத நேரமா பார்த்து, ஐம்பது ஐம்பது கிராமா நாலு பொட்டலம் கேளுங்க. பிளான்டேஷன் ஏ, சிக்கரி இல்லாம. பீபெர்ரி, சிக்கரி இல்லாம. ரொபஸ்டா, சிக்கரி இல்லாம. நாலாவது, அதே பிளான்டேஷன் ஏ-வுல 20 அல்லது 30 சதவிகிதம் சிக்கரி. எல்லாத்தையும் ஒரே பதத்துல அரைக்கச் சொல்லுங்க. ஐம்பது கிராமுக்கு மெஷின் போட முடியாதுன்னு கடைக்காரர் முகம் சுளிச்சா, நூறா வாங்கி நாலு பேர் பங்கு போட்டுக்கோங்க.

ஏன் இந்த நாலு? ஒரு நேரத்துல ஒரு விஷயம்தான் மாறணும். உங்க கெமிஸ்ட்ரி லேப்ல சொல்லிக் கொடுத்ததுதான். முதலும் மூணும் வெச்சுப் பார்த்தா அரபிகா, ரொபஸ்டா வித்தியாசம் தெரியும். முதலும் நாலும் வெச்சா சிக்கரி என்ன பண்ணுதுன்னு புரியும். முதலும் ரெண்டும் வெச்சா, பீபெர்ரிக்குக் கொடுக்கற கூடுதல் காசு நாக்குக்குப் போகுதா, பேருக்குப் போகுதானு விளங்கிடும்.

முதல் ரவுண்டுக்கு ஃபில்டரே வேண்டாம். ஹாஸ்டல்காரங்களுக்கு இது நல்ல செய்தி. ஒரே அளவு கண்ணாடி டம்ளர் நாலு, ஒரு கெட்டில், ஒரு ஸ்பூன் போதும். டம்ளருக்கு எட்டு கிராம் பொடி (தலை தட்டின டேபிள் ஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல), 150 மில்லி தண்ணி. தண்ணி தளதளனு கொதிச்சதும் அடுப்பை நிறுத்தி, அரை நிமிஷம் விட்டு ஊத்துங்க. நாலு நிமிஷம் தொடாதீங்க. மேலே பொடி ஏடு மாதிரி மிதக்கும். ஸ்பூனால அதை மெதுவா உடைக்கும்போது மூக்கை டம்ளருக்கு மேலேயே வெச்சுக்கோங்க. காபி தன் கேரக்டரை அப்பத்தான் காட்டும். மிதக்கற நுரையை எடுத்துப் போட்டுட்டு, பத்து நிமிஷம் கழிச்சு ருசி பாருங்க. உலகம் முழுக்க காபி வாங்கற கம்பெனிக்காரங்க கொட்டையைச் சோதிக்கறது ஏறக்குறைய இதே முறையிலதான். 'கப்பிங்'னு பேரு.

ருசி பார்க்கும்போது ஸ்பூன்ல எடுத்து, 'ஸ்ஸுர்ர்ர்'னு சத்தமா உறிஞ்சணும். "சத்தம் போடாம குடிடா"னு சின்ன வயசுலேர்ந்து வாங்கின திட்டுக்கெல்லாம் பழி வாங்க அருமையான சந்தர்ப்பம். காத்தோட சேர்த்து உறிஞ்சினாத்தான் வாசனை வாய்க்குள்ளேர்ந்து மூக்குக்கு ஏறும். நம்பிக்கை இல்லைன்னா மூக்கை இறுக்கப் பிடிச்சுக்கிட்டு ஒரு மடக்கு குடிங்க. வெறும் கசப்பு வெந்நீர். இப்ப விரலை எடுங்க... டமால்னு காபி வந்து குதிக்கும்! நாம ருசினு சொல்றதுல முக்கால்வாசி மூக்கு பண்ற வேலை. அண்ணாந்து தொண்டையில ஊத்திக்கற நம்ம ஊர் ஸ்டைல் இந்த டெஸ்ட்டுக்கு ஆகாது.

இன்னொரு விஷயம், ஆறட்டும். சுடச்சுட இருக்கும்போது நாக்குக்குச் சூடுதான் தெரியும், ருசி தெரியாது. வெதுவெதுப்பா வந்தப்புறம்தான் நல்ல காபியில ஒரு இனிப்பும் பழப் புளிப்பும் எட்டிப் பார்க்கும். மோசமான காபியோட குட்டும் அப்பத்தான் உடையும். இத்தனை வருஷம் 'காபி சூடா இல்லை'னு சண்டை போட்டதெல்லாம் எதை மறைக்கன்னு யோசிக்கத் தோணும். புளிப்புன்னதும் கெட்டுப்போச்சுன்னு கொட்டிடாதீங்க. லேசா வறுத்த அரபிகாவோட குணமே அதுதான். கஃபேல காசு கொடுத்து 'போர் ஓவர்' வாங்கிட்டு, "என்ன மச்சி, ஊசிப்போயிருக்கு"னு சொன்ன பார்ட்டி நானும்தான்.

பால் வந்தா ஆட்டமே மாறும்

ரெண்டாவது ரவுண்டு ஃபில்டர்ல. ஏன்னா நாம நிஜ வாழ்க்கையில குடிக்கப்போறது பால் காபிதானே! மேல் பாத்திரத்துல பொடியைப் போட்டு, குடையை வெச்சு லேசா அழுத்தி, கொதிச்ச தண்ணியை விளிம்பு வரைக்கும் ஊத்தி மூடிடுங்க. ரொம்ப அழுத்தினா சொட்டு இறங்காது. அழுத்தாம விட்டா தண்ணி அவசரமா ஓடிடும், டிகாக்ஷன் டீத்தண்ணி மாதிரி இருக்கும். பதினஞ்சு இருபது நிமிஷம் ஆகும். அதுக்குள்ள ஃபில்டரைத் தட்டறது, குலுக்கறது, திறந்து திறந்து பார்க்கறது... வேண்டாமே!

இந்த ரவுண்டுல சிக்கரியோட மவுசு புரியும். சிக்கரிப் பொடி தண்ணியை உறிஞ்சி வெச்சுக்கிட்டு மெதுவா விடும். அதனால டிகாக்ஷன் கறுப்பா, கெட்டியா இறங்கும். எவ்வளவு பால் ஊத்தினாலும் நிறம் போகாது. கறுப்புக் காபியில மருந்து மாதிரி முறைச்ச அதே சிக்கரி, பாலும் சர்க்கரையும் சேர்ந்ததும் சமர்த்தாகிடும். அரபிகாவுக்கு நேர்மாறு. கறுப்பா இருந்தப்போ கொடிகட்டிப் பறந்த வாசனை, முக்கால் டம்ளர் பாலுக்குள்ள காணாம போயிடும். அப்ப ரொபஸ்டா? அது பாலோட மல்லுக்கட்டி ஜெயிக்கற ஜாதி. பால் அதிகமா குடிக்கறவங்க வீட்டுல பீபெர்ரிக்குக் காசு கொட்டறது, மழையில நனைஞ்சுக்கிட்டே பட்டுப்புடவை கட்டற மாதிரிங்கறது என் அபிப்பிராயம். பீபெர்ரி ரசிகர்கள் மன்னிக்கணும்.

'டிகிரி காபி' பத்தி இங்கேயே சொல்லிடலாம். லாக்டோமீட்டர் விட்டு டிகிரி பார்த்த, தண்ணி கலக்காத பால்ல போட்டதுன்னு ஒரு கட்சி. சிக்கரிங்கற வார்த்தைதான் வாய் மாறி டிகிரி ஆச்சுன்னு இன்னொரு கட்சி. முதல் டிகாக்ஷனைத்தான் டிகிரினு சொன்னாங்கன்னு மூணாவது. கும்பகோணத்துல போய் இந்தச் சண்டையை ஆரம்பிச்சா காபி ஆறிடும்.

'நல்ல காபி'ன்னு யார் சொன்னது?

இதெல்லாம் எதுக்கு, காபிதானே, குடிச்சுட்டுப் போகலாமேனு கேக்கறீங்களா? கொஞ்சம் ஹிஸ்டரி தாங்கணும்.

கோபாலபுரத்தை ஒட்டி, கதீட்ரல் ரோட்டுல இப்ப செம்மொழிப் பூங்கா இருக்கே, அந்த இடத்துல 1962-லேர்ந்து 2008 வரைக்கும் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்துச்சு. மர நிழல்ல காரை நிறுத்தினா, ஜன்னல்ல தட்டை மாட்டி காபி கொண்டுவந்து வைப்பாங்க. கார் இல்லாதவங்க உள்ளே உட்கார்ந்து ஒரே காபியில ரெண்டு மணி நேரம் ஓட்டுவாங்க. உங்க வீட்டுப் பெருசுகள்கிட்ட டிரைவ்-இன்னுனு சும்மா எடுத்துக் கொடுங்க, அரை மணி நேரம் நிறுத்த மாட்டாங்க. சினிமாக்காரங்க, ரெப்புங்க, காலேஜ் பசங்கனு எல்லாரும் ஒரே மரத்தடியில உட்கார்ந்த இடம் அது.

ஆனா காபி எப்பவும் அப்படி எல்லாரையும் ஒண்ணா உட்காரவெச்சது இல்லை. வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'னு ஒரு ஆய்வே எழுதியிருக்கார். அந்தப் பேர்ல 2000-ல புத்தகமும் வந்துச்சு. நீராகாரம் குடிச்ச ஊர்ல காபி எப்படி நுழைஞ்சது, எப்படி அது நடுத்தர வர்க்கத்து கௌரவமா மாறினது, டீ எப்படி உழைக்கறவங்க பானம்னு ஆச்சுன்னு அதுல படிக்கலாம். காபி கிளப் போர்டுல 'பிராமணாள்'னு எழுதி வெச்ச காலம் ஒண்ணு இருந்துச்சு. 1957-ல திருவல்லிக்கேணி முரளி கஃபே போர்டுல இருந்த அந்த வார்த்தையை எடுக்கச் சொல்லி, பெரியாரோட திராவிடர் கழகம் மாசக்கணக்குல மறியல் பண்ணுச்சு. எத்தனையோ பேர் கைதானாங்க. கிராமத்து டீக்கடைங்கள்ல தலித் மக்களுக்குத் தனி டம்ளர் வெச்ச இரட்டைக் குவளைக் கொடுமையும் நம்ம ஊர் சரித்திரம்தான். டம்ளர்ல என்ன இருக்குங்கறதைவிட யார் கையில எந்த டம்ளர்ங்கறது பெருசா இருந்த நாடு இது.

ரொபஸ்டாவை 'மட்டம்'னு சொல்றதுலயும் அதோட வாசம் கொஞ்சம் இருக்கோனு எனக்குத் தோணும். பத்தொன்பதாம் நூற்றாண்டுல இலங்கை மலையில காபித் தோட்டம் போட்டப்போ, நம்ம ஊர்லேர்ந்துதான் ஆளுங்களைக் கூட்டிட்டுப் போனாங்க. மன்னார்ல இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியா நடந்தே போனாங்க. வழியிலேயே செத்தவங்க கணக்கில்லாம உண்டு. அங்கே 1869-ல இலைத்துரு நோய் வந்து அரபிகாச் செடிகளை நாசம் பண்ண, தோட்டக்காரங்க டீக்கு மாறினாங்க. தென்னிந்தியாவுலயும் அந்த நோய் புகுந்து ஆட்டிவெச்சுது. அப்புறம் நோய் தாங்குற செடியா வந்து காபித் தொழிலைக் காப்பாத்தினதுல முக்கியமான ஆள் ரொபஸ்டா. பேருக்கே 'திடமானது'னுதான் அர்த்தம். காப்பாத்தினவனுக்குப் பந்தியில பின் வரிசை!

சும்மா சொல்லக்கூடாது, விளம்பரங்களும் நம்ம நாக்கை ட்யூன் பண்ணியிருக்கு. அரவிந்த் சுவாமி நடிச்ச லியோ காபி விளம்பரத்துக்கு இசை யாரு தெரியுமா? ஏ.ஆர்.ரஹ்மான். 1992-ல 'ரோஜா' வர்றதுக்கு முன்னாடி பண்ணினது. நரசுஸ் விளம்பரத்துல வந்த 'பேஷ் பேஷ்' இன்னிக்கும் கல்யாணப் பந்தியில கேக்குது. காபின்னதும் நம்ம மனசுல ஓடற அந்த வீடு, அந்த ஊஞ்சல், அந்தக் காலைநேரம் எல்லாம் யாரோ செட் போட்டதுதான்.

கண்ணைக் கட்டி ஒரு விளையாட்டு

அதனாலதான் பேரை மறைச்சுட்டு ருசி பார்க்கணும்னு சொல்றேன். இதுக்கு 'முக்கோண டெஸ்ட்'னு ஒரு முறை இருக்கு. ஒருத்தர் மட்டும் சமையலறையில. மூணு டம்ளர் தயார் பண்ணணும். ரெண்டுல ஒரே காபி, ஒண்ணுல வேற. டம்ளருக்கு அடியில ரகசியமா நம்பர். குடிக்கறவர் எது ஒத்தைனு கண்டுபிடிக்கணும். குத்துமதிப்பா சொன்னாலே மூணுக்கு ஒரு தடவை சரியா வந்துடும். அதனால அஞ்சு தடவை திரும்பத் திரும்பப் பண்ணுங்க. குருட்டாம்போக்குல அஞ்சுக்கு நாலு அல்லது அதுக்கு மேல சரியா வர்ற வாய்ப்பு 243-க்கு 11. அதாவது அஞ்சு சதவிகிதத்துக்கும் கம்மி. நாலு சரியா சொன்னா, உங்க நாக்குக்கு நிஜமாவே வித்தியாசம் தெரியுதுன்னு ஒத்துக்கலாம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சவங்களுக்கு இது ரிவிஷன்.

நாங்க நாலு பேர் ஒரு ஞாயித்துக்கிழமை கோபாலபுரத்துல அதே ஃப்ரெண்டு வீட்டு மாடியில இதைப் பண்ணினோம். கீழே கிரவுண்டுல கிரிக்கெட் சத்தம், மேலே எங்க உறிஞ்சல் சத்தம். "எங்க வீட்டுல பியூர் பீபெர்ரி தவிர வேற பேச்சே கிடையாது"னு அலட்டின ஒருத்தன், பீபெர்ரியையும் பிளான்டேஷனையும் பிரிக்கச் சொன்னா அஞ்சுக்கு ரெண்டு. அன்னிக்கு அவன் அப்புறம் அதிகம் பேசலை. எனக்குச் சிக்கரி இருக்கா இல்லையானு அஞ்சுக்கு அஞ்சு தெரிஞ்சுது, காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். ஆனா 'உனக்கு ரொம்பப் பிடிச்சது எது'னு நம்பரை மட்டும் எழுதச் சொன்னப்போ, பால் ரவுண்டுல நான் எழுதின நம்பர் அந்தச் சிக்கரி கலந்த டம்ளரோடது! வீட்டுல 'சிக்கரி போட்டது காபியே இல்லை'னு நான் அடிச்ச லெக்சரையெல்லாம் நினைச்சா இப்பவும் கூச்சமா இருக்கு.

ஆச்சரியம் நாலாவது ஆள்கிட்ட. கூடலூர் பக்கத்துலேர்ந்து வந்து ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கற தோழி. அவங்க வீட்டுக் கொல்லையிலயே காபிச் செடி. வெயில்ல காயவெச்சு, வீட்டுல வறுத்து, இடிச்சு, வெல்லம் போட்ட கடுங்காப்பி. அதைக் குடிச்சு வளர்ந்த பொண்ணு. மெட்ராஸ் வந்தப்புறம் அதைப் பத்தி யார்கிட்டயும் வாய் திறந்ததில்லையாம். ஊர்லேர்ந்து கொண்டுவந்த பொடியை ரூம்மேட் ஒருத்தி மோந்து பார்த்துட்டு "என்ன இது, கருகல் வாசனை?"னு கேட்டதுலேர்ந்து, டப்பா பெட்டிக்கு அடியிலயே கிடந்திருக்கு. எங்க டெஸ்ட்டுல கறுப்புக் காபியிலயும் சரி, பால் காபியிலயும் சரி, அவ எழுதினது ஒரே நம்பர். டம்ளரைத் திருப்பிப் பார்த்தா ரொபஸ்டா. ரெண்டு நிமிஷம் அந்த டம்ளரையே பார்த்துக்கிட்டு இருந்தா. "இது எங்க வீட்டுக் காப்பி மாதிரியே இருக்கு"னு மட்டும் சொன்னா.

கொஞ்சம் உஷார்... கொஞ்சம் வேலை!

டெஸ்ட்டை ராத்திரி பண்ணாதீங்க. காஃபீன் உடம்புல பாதியா குறையவே சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடிச்சதுல பாதி, பதினோரு மணிக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கும். ஆரோக்கியமான பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லி கிராம் காஃபீன் வரைக்கும் பொதுவா பிரச்னை இல்லைனு சொல்றாங்க. ரொபஸ்டாக்காரங்க அந்தக் கணக்கை சீக்கிரமே தொட்டுடுவீங்க. எக்ஸாம் நேரத்துல ஜாக்கிரதை. சாப்பாட்டோட சேர்த்துக் குடிச்சா, சாப்பாட்டுல இருக்கற இரும்புச் சத்து உடம்புல சேர்றதைக் காபி குறைச்சுடும். ரத்தசோகை இருக்கறவங்க, முக்கியமா கேர்ள்ஸ், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. டெஸ்ட் பண்ணும்போது புரொஃபஷனல்ஸ் மாதிரி ருசி பார்த்துட்டுத் துப்பறதுக்கு ஒரு கிண்ணம் வெச்சுக்கறதும் நல்லது. பார்க்கத்தான் அசிங்கம்.

புரொஃபஷனல்ஸ்னதும் ஒரு தகவல். இப்படி உறிஞ்சி உறிஞ்சி மார்க் போடறதே ஒரு வேலை. சுனாலினி மேனன் 1970-கள்ல காபி போர்டுல சேர்ந்து, அங்கே தரக்கட்டுப்பாட்டுப் பிரிவோட தலைமைப் பொறுப்பு வரைக்கும் உயர்ந்தவர். ஆசியாவோட முதல் பெண் காபி கப்பர்னு உலகம் முழுக்க மரியாதை. அப்புறம் பெங்களூர்ல சொந்தமா 'காஃபிலேப்' ஆரம்பிச்சார். காபி போர்டே பெங்களூர்ல டிகிரி முடிச்சவங்களுக்கு காபித் தர மேலாண்மையில முதுநிலை டிப்ளமோ நடத்துது. பாட்டனி, கெமிஸ்ட்ரி பசங்க விசாரிச்சு வெச்சுக்கலாம்.

வீட்டுல ரிசல்ட்டைச் சொல்லும்போது மட்டும் சாமர்த்தியம் வேணும். "நீ இத்தனை நாள் போட்டது தப்பும்மா"னு ஆரம்பிச்சீங்கன்னா மறுநாள் காபியே கிடைக்காது. "ஒரு வாரம் பாதிக்குப் பாதி பிளான்டேஷன், ரொபஸ்டா, 15 சிக்கரி போட்டுப் பார்ப்போமா"னு கேளுங்க. எங்க வீட்டுல இப்ப அதுதான் ஓடுது. அப்பா மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை, "பழைய பொடியே நல்லா இருந்துச்சே"ம்பார், டம்ளரைக் காலி பண்ணிட்டு.

டெஸ்ட் முடிஞ்ச அன்னிக்குச் சாயங்காலம் நாங்க நாலு பேரும் மறுபடி அதே கடைக்குப் போனோம். கடைக்காரருக்கு எங்களைப் பார்த்ததும் சிரிப்பு. பீபெர்ரி பார்ட்டி அமைதியா பிளான்டேஷன் பி வாங்கினான். அடுத்து கூடலூர்க்காரி.

"கால் கிலோ ரொபஸ்டா. சிக்கரி வேண்டாம்."

"வெறும் ரொபஸ்டாவாம்மா? கசக்குமே!"

"தெரியும்ணா. கொஞ்சம் கொரகொரப்பா அரைங்க."